குங்குமப் பொட்டைத் தாண்டாத வால்யூம்

என் வீட்டுக்காரரின் காதுக்குள் 'ஙொய்' என்று ஒரு வண்டு குடியேறிய பிறகுதான் எங்கள் வீட்டில் வால்யூமுக்குச் சட்டம் வந்தது. வேலை முடிந்து வந்தால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டுக்குள்ளேயே கிடந்ததன் பலன். பட்டர்வொர்த்தில் காது டாக்டர் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார், இல்லாவிட்டால் கேட்கும் சக்தியே போய்விடும் என்றார். இவரும் டாக்டர் முன்னால் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும், "கொறச்சுத்தாம்மா கேக்குறேன்" என்றார். அந்தக் கொறச்சல் எவ்வளவு என்று யார் பார்ப்பது?

அந்தச் சமயம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் சிம்பாங் அம்பாட் வீட்டில் கார், ரைஸ் குக்கர், வாஷிங் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தவள், ஹெட்போனுக்குச் சத்தம் ஏற்றிக் கொடுக்கும், ஆம்ப்ளிஃபையர் என்று அவர் கொஞ்சும் சின்னப் பெட்டியிடம் வந்து நின்றேன். நானே காதில் மாட்டிக் கேட்டுப் பார்த்து, போதும் என்று தோன்றிய இடத்தில் வால்யூம் குமிழை நிறுத்தினேன். கடிகாரத்தில் ஒன்பது மணி இருக்குமே, அந்த இடம். அங்கே பெட்டியில் ஒரு பொட்டு வைத்து, "இதைத் தாண்டினா சாமி குத்தம்" என்றேன். டாக்டருக்குப் பயப்படாத மனுஷன் பொட்டுக்குப் பயந்தார். வண்டும் அடங்கியது.

பிறகொரு ஞாயிற்றுக்கிழமை ஃபெர்ரி ஏறிக் கடல் தாண்டி லிட்டில் இந்தியாவுக்குப் போனோம். நான் சேலை பார்த்துக்கொண்டிருந்தபோது ஆள் நழுவிவிட்டார். தேடிப் போனால், பக்கத்துத் தெருவில் ஒரு கடைக்காரத் தம்பி இவருக்கு வேதம் ஓதிக்கொண்டிருக்கிறான். "அண்ணே, ஒங்க ஆம்ப்ல பவர் பத்தாதுலா. ஹெட்போன் பசியில கெடக்கு. இதப் போட்டுப் பாருங்க, பேஸ், அந்தத் தும் தும் சத்தமெல்லாம் கெட்டியா வரும்."

ஐயோ பாவம், ஹெட்போனுக்குப் பசியாம்! நான் பசி என்றால் "ரெண்டு ரொட்டி சானாய் வாங்கிக்க" என்பவர், ஹெட்போனின் பசிக்கு உருகிப் போனார். செங்கல் கனத்தில் ஒரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே ஃபெர்ரியில் திரும்பினார். எங்கள் பிள்ளை பிறந்த அன்றுகூட அந்த முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை நான் பார்க்கவில்லை.

"பவர் கூடுனா சத்தம்தானே கூடும்?" என்று கேட்டேன்.

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது. சத்தம் வேற, தரம் வேற."

பவர் பத்தாவிட்டால் பாட்டு கரகரக்கும், அது வாஸ்தவம். ஆனால் பழைய பெட்டி என்றைக்குமே கரகரத்ததில்லை. சோறு வெந்த பிறகு அடுப்பைக் கூட்டினால் ருசியா கூடும்? அடிதான் பிடிக்கும். இதை அவரிடம் சொல்வதும் செவிடன் காதில் சங்கு ஊதுவதும் ஒன்றுதான்.

ஆனாலும் பக்தியில் மனுஷன் குறை வைக்கவில்லை. புதுப் பெட்டியிலும் அதே ஒன்பது மணி இடத்தில் தன் கையாலேயே பொட்டு வைத்தார். "பாத்துக்க, பொட்டத் தாண்ட மாட்டேன், சாமி சத்தியமா" என்றார். தாண்டவும் இல்லை. தினமும் குமிழைப் பொட்டில் நிறுத்தி, "அதே வால்யூம்தான், ஆனா பாடுறவரு பக்கத்துல வந்து ஒக்காந்துட்டாரும்மா!" என்று பரவசப்பட்டார். மாதங்கள் ஓடின. காலிங் பெல் அடித்தால் எப்போதும் நான்தான் எழுந்து போக வேண்டியிருந்தது. சோம்பேறித்தனம் என்று திட்டிக்கொண்டே போவேன்.

ஒருநாள் தூசி துடைக்கும்போது, அப்படி என்னதான் அதிசயம் என்று அந்த ஹெட்போனை எடுத்து மாட்டிப் பாட்டைப் போட்டேன். அம்மாடி! பாடுகிறவர் பக்கத்தில் உட்காரவில்லை, என் மண்டைக்குள் ஏறி நின்று கத்தினார். குமிழ் பொட்டில்தான் நின்றது. பவர் கூடின பெட்டியில் அதே இடம் என்றால் அதே சத்தமா?

"இது தரம் இல்லங்க, சத்தம்" என்றேன்.

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "ரெண்டையும் ஒரே சத்தத்துல வை. என் கண்ணக் கட்டிட்டுப் போடு. எது எதுன்னு கரெக்டா சொல்றேன். காது பொய் சொல்லாதுலா!"

துண்டால் கண்ணைக் கட்டி உட்கார வைத்தேன். புதுப் பெட்டியின் சத்தத்தைப் பழையதன் அளவுக்கு என் காதால் கேட்டுக் குறைத்தேன். முதலில் பழையதில் செருகி, பாட்டைப் போட்டு, ஹெட்போனை அவர் தலையில் மாட்டினேன். புதுசு வரும்வரை அவர் ஆனந்தமாகக் கேட்டுவந்த அதே அளவு. இன்றைக்கு மாட்டினார் என்று எனக்குச் சிரிப்பு வேறு.

கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பல்லவி முடிந்து சரணம் வந்திருக்கும்.

"ம், போடும்மா" என்றார்.

சரியாகச் செருகவில்லையோ என்று ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்துப் பார்த்தேன். பாட்டு தெளிவாக, அழகாக ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்போனை மடியில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் உட்கார்ந்தேன்.

"என்னங்க, பாட்டு ஓடிக்கிட்டுத்தான் இருக்கு" என்றேன், மெல்ல.

அவர் துண்டை அவிழ்த்து என் வாயைப் பார்த்தார். "என்ன சொன்ன?" என்றார்.