செங்கமலத்தம்மன் கிணறு

சென்ற தை மாதம், பூசம் முடிந்த மறு வாரம், நாகப்பட்டினத்துக் கப்பலிலிருந்து பினாங்குத் துறையில் இறங்கினேன். காலை ஏழு மணி. ஊர் பார்க்க வந்தேன் என்று எழுதினால் அது பொய். செங்கமலத்தைப் படைத்தவரைப் பார்க்க வந்தேன். நாவலில், இத்தீவின் தண்ணீர்மலைச் சாலையோரக் கிணற்றில் அவள் விழுந்து சாகிற அத்தியாயத்தைப் படித்துவிட்டுச் சாப்பிடாமல் கிடந்தவன் நான்.

அந்த நாவலை எழுதிய சிதம்பரநாதர், இத்தீவின் தமிழர் சரித்திரத்தையும் எழுதியிருக்கிறார். நாவல் மூன்று முறை அச்சாகிவிட்டது. சரித்திரம் கட்டுப் பிரிக்காமல் அவர் கட்டிலுக்கடியில் கிடக்கிறது.

கிணற்றடிக்கே வரச்சொல்லியிருந்தார். துறையிலிருந்து நான்கு மைல். மோட்டார் வாடகை இந்த ஊர்க் காசில் ஒரு வெள்ளி. வண்டியோட்டி சேலத்துக்காரர்.

"செங்கமலத்தம்மன் கோயிலுக்கா அண்ணே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது கதையில வர்ற பொண்ணுப்பா."

"அப்படிப் பேசாதீங்க லா" என்றார், இந்த ஊர்ப் பேச்சின் வாலை ஒட்டி. "போன வருசம் எம் மகளுக்கு அம்மை கண்டப்ப அங்கதான் வேண்டிக்கிட்டேன். எந்திரிச்சு உக்காந்துட்டா." வண்டியை வேகமாக விட்டார்.

கிணற்றருகே தகரக் கூரை. அதன்கீழ் மஞ்சள் பூசி, சிவப்புச் சேலை சுற்றிய ஒரு கல். பின்னால், புல்லுக்குள், பெயர் வெட்டாத கருங்கற்கள் வரிசையாக நட்டிருந்தன. குடையை ஊன்றிக்கொண்டு சிதம்பரநாதர் நின்றிருந்தார்.

"பொண்ணு, நானா இட்டுக்கட்டினது. அந்தக் கல்லுங்களுக்குக் கீழே கிடக்கிறவங்கதான் நெசம்" என்றார், வணக்கம் சொல்வதற்கு முன்பே.

கும்பினியார் காலத்தில் நம் பக்கத்திலிருந்து விலங்கு பூட்டிக் கொண்டுவந்த கைதிகள். இந்தச் சாலையைப் போட்டதும் கிணற்றை வெட்டியதும் அவர்கள். செத்தவர்களை இங்கேயே புதைத்தார்கள். கிழவர்கள் வீட்டு வாசல்களில் வருஷக்கணக்காகக் காத்துக்கிடந்து இதைக் கேட்டு எழுதினாராம். இப்போது அம்மனுக்கு மண்டபம் கட்டக் கற்களைப் பிடுங்கப் போகிறார்கள். பத்து மணிக்குக் கோயில் கமிட்டி. தடுத்தே தீருவேன் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

மளிகைக் கடை மாடியில் கூட்டம். தலைவர், அந்தக் கடைக்காரர், எழுந்து கைகுவித்து வரவேற்றார். சிதம்பரநாதர் சரித்திரத்தை மேசைமேல் வைத்தார். யாரும் தொடவில்லை. தலைவர் நாவலை எடுத்து விரித்தார்.

"அம்மா விழுந்த இடம், கெணத்துக்கு மேக்கால மருதமரம், எல்லாம் நீங்களே எழுதியிருக்கீங்களே ஐயா."

"அது கதைங்க. அப்படி ஒரு பொண்ணு பொறக்கவே இல்ல."

"அப்ப உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

சிதம்பரநாதர் சரித்திரத்தை அவர் பக்கமாகத் தள்ளினார். தலைவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவதான் எழுத வச்சா. உங்களுக்கே தெரியல, அவ்வளவுதான். அந்தக் கைதிப் பேச்ச விடுங்க. நம்ம பாட்டன்மாரு திருட்டுக் கேசுல வந்தாங்கன்னு நம்ம பிள்ளைங்க படிக்கணுமா?"

கற்களைப் பிடுங்குவதற்கு எல்லாக் கையும் உயர்ந்தது. கும்பாபிஷேகத்தில் ஆசிரியருக்குப் பொன்னாடை என்றும் தீர்மானித்தார்கள்.

பகல் சாப்பாடு அவர் வீட்டில். பரிமாறிய மனைவியைக் காட்டி, "வெள்ளிக்கிழமையானா இவளும் அங்க விளக்குப் போடப் போயிடுறா" என்றார். பேச்சில் கசப்பு வழிந்தது.

"போட்டா என்ன?" என்றார் அந்த அம்மாள், குழம்பை ஊற்றிக்கொண்டே. "அவ சாகிறத எழுதறப்ப நீங்களே தேம்பித் தேம்பி அழுதீங்க. அந்தக் கைதிங்களப் பத்தி எழுதறப்ப ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டீங்களா?"

அவர் மோர் கேட்டார். நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

கப்பலேறும் நாளன்று கிணற்றுப் பக்கமாக ஒருமுறை போனேன். புல்தரை குழிகுழியாகக் கிடந்தது. பிடுங்கிய கற்களை மண்டபத்து அஸ்திவாரத்தில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். நல்ல கருங்கல், செலவு மிச்சம் என்றார் மேஸ்திரி. சிதம்பரநாதர் வழியனுப்ப வரவில்லை. வந்திருந்தாலும் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

எங்கள் ஊரில் குளத்தடியம்மன் இருக்கிறாள். யாரோ ஒரு பெண் குளத்தில் விழுந்து தெய்வமானாள் என்பார்கள். ஊர் திரும்பிய மாலை, வழக்கம்போல அவள் முன்னால் போய் நின்றேன். இவளை எவன் எழுதினான், இவளுக்காக எவர் கல்லைப் பிடுங்கினார்கள் என்று மனம் குடைந்தது. பூசாரி தட்டை நீட்டினார். குங்குமத்தை எடுத்து இட்டுக்கொண்டேன்.