மதகில் எழுபத்தைந்து, மரத்தில் நாற்பது

ஏரி நிரம்பும் வருடங்களில் மட்டும்தான் எங்கள் ஊரில் நடுப்பாறை அம்மனுக்குப் பொங்கல் வைப்பார்கள். பிச்சாட்டூர் பக்கத்து ஏரிகள் வருடா வருடம் நிரம்புகிறவை அல்ல. எழுபதுகளின் தொடக்கத்தில், நான் கல்யாணமாகி வந்த வருடம், ஏரி நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் வழிந்து கோடி போனது. கரை வேப்பமரத்திலிருந்து தண்ணீருக்கு நடுவே இருக்கும் பாறை வரை சீரியல் பல்பு போடுகிறேன் என்று என் மாமனார் ஊர்க்கூட்டத்தில் வாக்குக் கொடுத்துவிட்டார். பல்புச் சரத்தையும் அதைத் தாங்கும் கம்பியையும் திருப்பதிக் கடையில் நீளம் சொன்னால்தான் கட்டித் தருவார்கள். அந்த நீளம் ஊரில் யாருக்கும் தெரியாது.

என் கொழுந்தனார் வாழைத்தண்டுத் தெப்பத்தில் ஏறி, சணல் கயிறு விட்டுக்கொண்டே பாறைக்குப் போனார். தெப்பம் வளைந்து வளைந்து போயிற்று. கயிறு அல்லித் தண்டுகளில் சுற்றிக்கொண்டது. இழுத்ததும் அறுந்து, கோழி கிளறிய நூல்கண்டாகக் கரைக்கு வந்து சேர்ந்தது. மாமனாரின் பங்காளி ஒருவர் விடாமல் சிரித்தார். "கம்பி பத்தலன்னா இன்னா? நீயே தண்ணியில நின்னுக்கினு நுனிய புடிச்சிக்கோயேன்!"

அன்று மாமனார் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் சித்தூரில் பெரியம்மா வீட்டில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். கணக்கை விருப்பப் பாடமாக எடுத்திருந்தேன். தண்ணீரில் இறங்காமலே இந்தத் தூரத்தைக் கண்டுபிடிக்க முடியும் என்று எனக்குத் தெரியும். ஆனால் சொல்வது எப்படி? எங்கள் வழக்கத்தில் மருமகள் மாமனாரோடு பேசக் கூடாது. அவர் எதிரில் நிற்கவும் கூடாது. அவர் சொல்வது மாமியார் வழியாக எனக்கு வரும், நான் சொல்வது மாமியார் வழியாக அவருக்குப் போகும். எனக்கு அது வசதியாகவே இருந்தது. பிறவியிலேயே கூச்சம் அதிகம்.

மாமியாரிடம் சொன்னேன். அவர், மாமனார் உட்கார்ந்திருந்த முற்றத்தைப் பார்த்துச் சொன்னார். "இந்தா, உம் மருமவ என்னமோ சொல்றா. கரையில வேப்பமரத்துக்கும் மதகுக்கும் நடுவுல எவ்ளோ தூரம்னு டேப்பு புடிக்கணுமாம். அப்புறம் ரெண்டு எடத்துலயும் பலகைய வெச்சு, பாறை எந்தக் கோணத்துல தெரியுதுன்னு பாக்கணுமாம்."

"அவ்ளோதானா?" என்றது முற்றம்.

பள்ளிக்கூடத்து மரக் கோணமானியை வாங்கி, பலகையில் ஆணி அடித்துப் பொருத்தி, மாமனாரும் கொழுந்தனாரும் போய் அளந்தார்கள். புதுமருமகள் ஆண்கள் நடுவே கரையில் நிற்க முடியாது என்பதால் நான் அடுப்படியிலேயே இருந்தேன். அளந்த கையோடு கொழுந்தனார் ஜெனரேட்டர் பேசிவரப் புத்தூருக்குப் போய்விட்டார்.

மாமியார் வந்து சொன்னார். "கரை இருநூறு அடி. மொதல்ல எழுபத்தஞ்சு. அடுத்தது நாப்பது."

"எது அத்தை முதல்ல, வேப்பமரமா?"

"பின்ன? அம்மன் மரத்த உட்டுட்டு மதகுலயா ஆரம்பிப்பாரு?"

எந்த முக்கோணத்திலும் ஒரு பக்கத்தை அதன் எதிர்க்கோணத்தின் சைனால் வகுத்தால் மற்ற இரண்டு பக்கங்களுக்கும் அதே விடைதான் வரும். இரண்டு கோணம் தெரிந்தால் மூன்றாவதும் தெரிந்துவிடும். பாறையில் விழும் கோணம் அறுபத்தைந்து. அதற்கு எதிரே இருப்பது இருநூறு அடிக் கரை. வேப்பமரத்திலிருந்து பாறைக்குப் போகும் கம்பிக்கு எதிரே இருப்பது மதகின் கோணம், நாற்பது. டிரங்குப் பெட்டியிலிருந்த லாக் அட்டவணைப் புத்தகத்தை எடுத்து சைன் பார்த்துக் கணக்குப் போட்டேன். நூற்று நாற்பத்திரண்டு அடி வந்தது. மாமியார் வழியாக விடை முற்றத்துக்குப் போயிற்று. மாமனார் அன்று இரண்டு தடவை குழம்பு கேட்டார்.

மறுநாள் காலை மதகருகே துணி துவைக்கப் போனேன். நிமிர்ந்தால் பாறை கைக்கெட்டும் போல் இருந்தது. வேப்பமரமோ எங்கோ தள்ளி நின்றது. என் கணக்குப்படி பாறை மரத்துக்குத்தான் பக்கம், மதகுக்குத் தூரம். கோணங்கள் இடம் மாறிவிட்டன என்பது அப்போதுதான் உறைத்தது. மாமனார் மதகில்தான் ஆரம்பித்திருக்க வேண்டும்.

துணியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். கோணங்களை மாற்றிப் போட்டால் இருநூற்றுப் பதின்மூன்று. நூற்று நாற்பத்திரண்டு அடிக் கம்பி பாதித் தண்ணீரிலேயே நின்றுவிடும். ஊர் முழுக்கப் பார்க்க, பங்காளியும் பார்க்க, மாமனார் நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சொல்லி அனுப்ப மாமியாரைத் தேடினேன். பால் ஊற்றப் போயிருந்தார். கொழுந்தனார் புத்தூரிலிருந்து இன்னும் திரும்பவில்லை. என் வீட்டுக்காரர் வேலைக்காகச் சித்தூரில் இருந்தார். மாமனார் கம்பி வாங்கப் போகும் திருப்பதி பஸ் ஹாரன் அடித்தது.

ஈரப் புடவையோடு ஓடினேன். மாமனார் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவரும் கூச்சப்பட்டு டிரைவர் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கண்டக்டரிடம் போனேன். "அண்ணா, அவர்கிட்ட கொஞ்சம் கேளுங்க. எழுபத்தஞ்சு டிகிரி மதகுலயா, வேப்பமரத்துலயா?"

"ஏம்மா, ஜுரமா எவரிகி?" என்றார் கண்டக்டர். காய்ச்சல் யாருக்கு என்று கேட்கிறார்.

"ஜுரம் இல்லய்யா, அது ஏரிக் கணக்கு," என்று டிரைவர் சீட்டைப் பார்த்து மாமனார் சொன்னார். "இன்னா சேதின்னு கேளு."

கண்டக்டர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார். "மீரே மாட்லாடுகோண்டி சாமி! பஸ் லேட்டு!" நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு விசிலை வாயில் வைத்தார்.

"மாமா!" என்று கத்திவிட்டேன். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். "மதகுலதான மொதல்ல அளந்தீங்க?"

அவர் மெல்லத் திரும்பினார். "ஆமாம்மா. வேப்பமரத்துல எருமைங்கள கட்டி வெச்சிருந்தாங்க. அதான்."

"அப்ப நூத்தி நாப்பத்திரண்டு தப்பு மாமா. இருநூத்திப் பதிமூணு. கட்டுறதுக்கும் தொங்கலுக்கும் தனியா சேத்துக்குங்க."

"இருநூத்திப் பதிமூணு," என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். விசில் அடித்தது.

பொங்கலன்று பல்புகள் வேப்பமரத்திலிருந்து பாறை வரை போய், அங்கேயும் ஒரு முழம் மிஞ்சித் தொங்கின. மிஞ்சியதைக் காட்டிப் பங்காளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமனார் முந்திக்கொண்டார். "அது தொங்கலுக்குடா. எம் மருமவ கணக்கு."

மாமியாருக்குத்தான் வருத்தம். "மாமனாரப் பேரு சொல்லிக் கூப்புடாத கொறதான்! அதுவும் பஸ்ஸ நிறுத்தி!" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். அன்று ராத்திரி சாப்பாட்டில் மாமனார் இலையிலிருந்து நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்தார்.

"ஏம்மா, கொழம்புல உப்பு பத்தலயே."

அதற்கு முன் அந்தக் குறையெல்லாம் மாமியார் வழியாக, பாதி குறைந்துதான் வரும். நான் உப்பு ஜாடியை எடுத்துக்கொண்டு, முதல் முறையாக அவர் எதிரில் போய் நின்றேன்.