கோச்சிக்குக் குளிசை

நான் மட்டக்களப்பு நகரத்தில் ஒரு பாமசியில் நிற்கிறேன். நிற்கிறேன் என்று சொல்வதுதான் சரி. கடை திறந்ததிலிருந்து பூட்டும்வரை கால் வீங்க நின்றுதான் சனத்துக்கு மருந்துக் குளிசை கொடுக்கிறேன். இந்தப் படிப்பை நானாகத் தேடிப் போகவில்லை. எனக்குக் கணக்கில்தான் விருப்பம். அம்மா ஒற்றைக்காலில் நின்று என்னை இதற்குள் தள்ளிவிட்டார். அவருடைய அப்பா, அதாவது என் அம்மப்பா, ரெயில்வேயில் வேலை செய்தபோது கையில் குளிசையை வைத்துக்கொண்டே ஒரு வண்டி நிறைய நோயாளிகளுக்குக் கொடுக்காமல் விட்டவர் என்பது ஊர்க் கதை. அந்தப் பழியை நான் கொடுத்துக் கொடுத்தே தீர்க்க வேண்டும் என்பது அம்மாவின் கணக்கு.

எங்கள் வீடு தேற்றாத்தீவில். ரெயில் பாதை, எங்கள் சனத்தின் வாயில் கோச்சிப் பாதை, மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. அதற்குத் தெற்கே எங்கள் பக்கத்தை அது எட்டிப் பார்த்ததே இல்லை. வாவியில் வலை வீசுகிறவர்களும், தோணி ஏறி அக்கரைக்குப் போய் வட்டையில் நெல் விதைக்கிறவர்களும்தான் அந்தக் காலத்தில் ஊர். ரெயில்வேக்குப் போனவர் அம்மப்பா ஒருவர்தான். எந்த ஸ்டேசன், என்ன வேலை என்று கேட்டு வைக்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு இதை நினைத்தால் இப்போதும் கோபம் வரும். அடுத்த வீட்டில் என்ன கறி என்று கேட்கத் தெரிந்த சனத்துக்கு இது கேட்கத் தெரியவில்லையே.

ஒரு மாரி காலத்தில் அவர் உடம்பு முழுக்கச் சேறோடு நடந்து வீட்டுக்கு வந்திருக்கிறார். காய்ச்சல் கொதித்திருக்கிறது. பாயில் கிடந்தபடி, "டப்லட்ட நான் குடுக்கல்ல, துரை வந்து சொல்லியும் குடுக்கல்ல" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாராம். டப்லட் என்றால் என்ன என்று வீட்டில் எவருக்கும் விளங்கவில்லை. சொந்தத்துக்குள் ஆங்கிலம் படித்த வாத்தியார் ஒருவர் இருந்தார். அவரைக் கூட்டிவந்து கேட்டார்கள். டப்லட் என்றால் குளிசை என்று அவர் சொன்னார். பாவம், அந்த மனுசன் சொன்னதிலும் பிழை இல்லை.

மிச்சத்தை ஊர் கட்டி முடித்தது. அம்மப்பா ரெயில்வேயில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி ஆனார். வண்டி நிறையக் காய்ச்சல்காரர் வந்தார்கள், கும்பிட்டுக் கேட்டார்கள், இவர் கல்லுப்போல நின்றார், வேலை போனது. இப்படியாகக் கதை வளர்ந்தது. அவர் அந்தக் காய்ச்சலிலேயே கண்ணை மூடினார். செத்தவீட்டுக்கு வந்தவர்களே, "ஆருக்கும் குடுக்காதவன்ட உடம்பில குளிசை பிடிக்குமா" என்று பேசிக்கொண்டார்களாம். அம்மா அப்போது சின்னப் பிள்ளை. காது இருந்தது, பதில் சொல்ல வாய் இல்லை.

அதற்குப் பிறகு வேலிச் சண்டை என்றாலும், கோயிலில் இடத்துக்கு முண்டினாலும் இந்தக் கதைதான் முதலில் வரும். பக்கத்து வளவில் இருக்கும் அம்மாவின் மச்சாள் வாயைத் திறந்தால் அம்மாவுக்கு "குளிசை குடுக்காதவன்ட மகள்" என்ற பெயர்தான். அம்மா ஒருநாளும் திருப்பிப் பேசியதில்லை. ரெயிலில் ஏறியதும் இல்லை. கொழும்புக்குப் போவதென்றாலும் இடுப்பு முறிய பஸ்ஸில்தான் போவார்.

நான் அம்மாவைப்போல அடங்கிப் போகிறவள் இல்லை. இவர் ஏன் கொடுக்கவில்லை என்று தெரிந்தே ஆகவேண்டும் என்று தேடத் தொடங்கினேன். ஒருவேளை மருந்து பழுதாகியிருக்கலாம், தவறான மருந்தாக இருக்கலாம், ஒரு பாமசிக்காரிக்கு ஆயிரம் நியாயம் தோன்றும். வயதான வைத்தியர்களைப் பிடித்துக் கேட்டேன். காத்தான்குடியில் வேலையிலிருந்து இளைப்பாறிய அப்போதிக்கரி ஒருவரை வீடு தேடிப்போய்க் கேட்டேன். அவர் தேத்தண்ணி தந்து, நெற்றியைத் தடவி யோசித்து, மட்டக்களப்புப் பாதையின் காட்டு ஸ்டேசன்களில் மருந்து கொடுக்க ஆள் இருந்ததாகத் தான் கேள்விப்பட்டதே இல்லை என்றார். அவருக்கு ஞாபகம் மங்கிவிட்டது என்று நான் முடிவுகட்டிவிட்டு வந்தேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்ட வேண்டும்போல் இருக்கிறது.

போன மாதம் கொழும்பில் மகளைப் பார்த்துவிட்டு ரெயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். பொலன்னறுவை தாண்டி, காட்டுக்குள் ஒரு சின்ன ஸ்டேசனில் வண்டி நின்றது. நின்றது நின்றதுதான். வெயில், வேர்வை, குழந்தைகளின் அழுகை. எதிர் இருக்கையில் துணிப் பொதிகளோடு ஓட்டமாவடிக்காரர் ஒருவர் இருந்தார். கிழமைக்குக் கிழமை இந்த வண்டியில் போய்வருகிற வியாபாரி. அவர் போனில் வீட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. டப்லட் இன்னும் கைக்கு வரவில்லையாம், அது வந்தால்தான் வண்டி போகுமாம்.

எனக்குத் தொழில் புத்தி. உடனே கைப்பையைத் திறந்துவிட்டேன்.

"ஆருக்கு என்ன வருத்தம், தம்பி? என்னட்டப் பனடோல் இருக்கு. சீனி வருத்தத்துக்கும் இருக்கு."

அவர் போனைக் காதிலிருந்து எடுத்து என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்தினார்.

"அக்கா, டப்லட் மனிசருக்கில்ல. கோச்சிக்கு."

என் கையிலிருந்த பனடோல் கார்டு கீழே விழுந்தது. அவர் ஜன்னலால் காட்டினார். மேடையில் ஒரு ஊழியர் பெரிய வளையம் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். அந்த வளையத்தில் ஒரு தோல் பை தொங்குகிறது, அதற்குள் உலோக வில்லை ஒன்று இருக்கும், அதுதான் டப்லட் என்றார். இது ஒற்றைப் பாதை. அடுத்த ஸ்டேசன்வரை பாதை வெறுமையாக இருக்கிறது என்று தெரிந்தால்தான் அந்த வில்லையை டிரைவர் கையில் கொடுப்பார்கள். அது கைக்கு வராமல் ஒரு அடிகூட வண்டியை எடுக்கக்கூடாது.

வியாபாரி சொல்லி முடிக்கும்வரை நான் இருக்கவில்லை. வண்டி போய்விடும் என்று அவர் கத்தக் கத்த இறங்கி ஓடினேன். வளையத்தோடு நின்றவரிடம் மூச்சு வாங்க ஒரே ஒரு கேள்வி கேட்டேன். கையில் வைத்துக்கொண்டே நீங்கள் அதைக் கொடுக்காவிட்டால் என்ன நடக்கும்?

விசரியோ, பைத்தியமோ என்று நினைத்திருப்பார். ஆனாலும் பதில் சொன்னார்.

"குடுக்காட்டி வண்டி போக ஏலா. ஆரு வந்து சொன்னாலும் போக ஏலா."

எனக்கு அந்த மேடையிலேயே துள்ளவேண்டும்போல் இருந்தது. துள்ளியும் இருப்பேன், சரியாக நினைவில்லை. வண்டிக்குள் வந்து அம்மாவுக்கு அழைத்தால் காட்டுக்குள் சிக்னல் இல்லை. வாழைச்சேனை வந்ததும் சிக்னல் வந்தது, ஆனால் நான் அழைக்கவில்லை. இதை முகத்தைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். மட்டக்களப்பில் இறங்கி பஸ் பிடித்தேன். காத்தான்குடித் தெருவில் பெருநாள் சாமான் வாங்கும் கூட்டம், பஸ் ஊர்ந்தது. இறங்கி ஓடினால் முந்திப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன்.

வீட்டில் அம்மா முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். வளையம், வில்லை, ஒற்றைப் பாதை, டிரைவர். பாதிச் சொல்லை விழுங்கியிருப்பேன். அம்மாவின் கத்தி நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து ஆறுதலாகச் சொல்லு என்றார். சொன்னேன். அப்பா குளிசை வேலையே செய்யவில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். வண்டியைத்தான் போகவிடவில்லையா என்று கேட்டார். ஓம் என்றேன்.

அம்மா மறுபடி மீனின் செதிலைச் சுரண்டத் தொடங்கினார். பிறகு என்னிடம் இல்லை, மீனிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"பாலம் போச்சு, பாலம் போச்சு எண்டும் சொன்னவர் புள்ள. காய்ச்சல்ல பிதற்றுறார் எண்டு எல்லாரும் விட்டுட்டாங்க. தண்ணிக்குள்ள பாலம் போனதப் பாத்துட்டுத்தான் மனிசன் குடுக்காம நிண்டிருக்கார்."

இந்தப் பாலத்தைப் பற்றி அம்மா எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. குளிசைக் கதையோடு அது ஒட்டவில்லை, அதனால் அவர் அதைத் தனியே எங்கோ வைத்திருந்திருக்கிறார். அம்மா அழவில்லை. மீன் செதில் ஒட்டிய கையோடு எழும்பி, நேரே வேலியடிக்குப் போய், பக்கத்து வளவு மச்சாளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"என்ட அப்பா ஒருத்தரையும் சாகவிடல்லகா. வண்டியோட அவ்வளவு சனத்தையும் வைச்சிருந்து காப்பாத்தினவர். விளங்கிச்சா?"

மச்சாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு நான் போய் விளக்கினேன். அவருக்கு மட்டுமா, அந்தக் கிழமை முழுக்கத் தெருவில் கண்டவருக்கெல்லாம் விளக்கினேன். மருந்து வாங்க வந்தவர்களையும் விடவில்லை.

அது எந்தப் பாலம், அம்மப்பா நின்றது எந்த ஸ்டேசன், இவை எனக்கு இன்னும் தெரியாது. அந்தத் துரை பிறகு என்ன சொன்னார் என்பதும் தெரியாது. தேடுகிறேன், இப்போது சரியான இடத்தில். ஆனால் அம்மாவுக்கு அதற்கெல்லாம் பொறுமை இல்லை. அவருக்கு அந்தக் குளிசையைக் கண்ணால் பார்க்கவேண்டும். இப்போதும் அதைக் குளிசை என்றுதான் சொல்கிறார், நானும் திருத்தவில்லை.

போன ஞாயிறு அம்மாவை முதன்முதலாக ரெயிலில் ஏற்றினேன். கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்து ஜன்னலோரம் இருந்தார். வாழைச்சேனைக்கு அங்கால் ஒரு ஸ்டேசனில் வண்டி வழக்கம்போல நின்றுவிட்டது. நேரம் போனது. பெட்டிக்குள் முணுமுணுப்புத் தொடங்கியது. பின்னால் இருந்த ஒருவர், இந்த நாட்டில் எதுவும் நேரத்துக்கு நடக்காது, எவனோ சோம்பேறி ஒருவன் வண்டியை மறித்து வைத்திருக்கிறான் என்று சத்தமாக ஏசினார்.

நான் பதில் சொல்ல எழும்பினேன். அம்மா என் கையைப் பிடித்து இருத்திவிட்டு, தானே திரும்பி, பெற்ற மகனிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"குளிசை வரல்ல மனே. அவர் குடுத்தாத்தான் போகலாம். ஏசாம இருங்க."