ஜெனரேட்டர்க்காரர் கேட்ட பாட்டு

ஆலத்தியூரில் கல் உடைத்தவன் நான். படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. இருந்தும் ஒரு மாவு மில், இரண்டு கடை, குரும்பலூர் திடலில் இருக்கும் கச்சேரி மேடை எல்லாம் நான் கட்டியவை.

திருவிழாக் கச்சேரியன்று மேடைக்குப் பின்னால் போனேன். ஜெனரேட்டர் வண்டிக்குள், காதில் பஞ்சு வைத்த ஒல்லியான மனிதர் குந்தியிருந்தார். அறுந்த ஆக்சிலேட்டர் கம்பியைக் கையால் இழுத்துப் பிடித்திருந்தார். விட்டால் மேடை இருட்டாகிவிடும். அந்த இரைச்சலில் பாட்டே கேட்கவில்லை.

“பாடுறது என் சம்சாரம்ங்க. பதினோரு வருசமா கூடவே வரேன். வண்டிய வுட்டு நகர முடியல. ஒரு பாட்டுகூட முழுசா கேட்டதில்ல” என்று கத்தினார்.

“கம்பியக் குடுய்யா. போய்க் கேட்டுட்டு வா.”

ஒரு பாட்டு முழுக்கப் பிடித்திருந்தேன். கை மரத்தது. புகை கண்ணைக் கரித்தது. எப்போது வருவாரென்று ஆகிவிட்டது. கலங்கிய கண்ணோடு திரும்பினார்.

“எப்படிய்யா பாடுச்சு?”

“நல்லாத்தாங்க பாடுச்சு. நடுவுல நீங்கதான் ரெண்டு தடவ லைட்ட மங்க வுட்டுட்டீங்க.”

சொல்லிவிட்டுக் கம்பியை வாங்கிக்கொண்டு குந்திவிட்டார். அந்த இரைச்சலில் நன்றி சொன்னாரா என்று இன்றுவரை தெரியவில்லை.

மேடை கட்டியதற்கு என் பெயரை விழாக் கமிட்டி மூன்று முறை வாசித்தது. அந்த ஒரு பாட்டு என் கையில் ஓடியதையும் மைக்கில் சொல்ல வேண்டும். லைட் மங்கியதையும் சேர்த்தே சொல்லட்டும்.