பூண்டியிலிருந்து கொடைக்கானலுக்கு: ஒரு காட்டெலியின் இதயத்தைப் பார்த்து வந்த கதை

பூண்டிப் பக்கமிருந்து கைக்குழந்தையோடு கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் போனது அறுபத்து மூன்றாம் வருஷம், தை மாதம். மகள் செல்விக்கு ஐந்து மாதம். பால் குடிக்கும்போதே வியர்த்துக் களைத்துப்போவாள்.

காரணத்தை என் நாத்தனார் கண்டுபிடித்துவிட்டாள். கிரகணத்தன்று கர்ப்பிணி அரிவாள் எடுக்கக் கூடாது. நானோ சந்திர கிரகணத்தன்று சாயங்காலம், மழை வருகிறதே என்று பூண்டுத் தாள் அறுத்தேன். அதுதான் பிள்ளையைப் பிடித்ததாம். யார் யாரிடம் சொன்னாள் என்பது இன்றும் எனக்குப் பெயர் பெயராக நினைவிருக்கிறது.

அப்போது பஸ் கிடையாது. வெள்ளனே கிளம்பி மன்னவனூர் வரை நடை. அங்கிருந்து உருளைக்கிழங்கு லாரி. மூட்டைமேல் ஏறப்போன என்னை டிரைவர் பாய் தடுத்து, "பச்சப்புள்ளைக்குக் காத்து ஆகாதும்மா, முன்னால வாங்க" என்றார். துணைக்கு வந்த நாத்தனார் மூட்டைமேல் வந்தாள். அதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

டாக்டரம்மா குழல் வைத்து வெகுநேரம் கேட்டார். துடிப்போடு ஒரு சத்தம் கேட்கிறது, இதயத்தில் பிறவியிலேயே சின்ன ஓட்டை, பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும், ஒரு வருஷம் கழித்து வா என்றார். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை.

"நான் அரிவா எடுத்ததாலயாங்க?" என்றுதான் கேட்டேன்.

அவர் எங்களைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார். சோலைக்காட்டில் எலி பிடித்து நோய் ஆராய்கிற ஒருவர் அங்கே இருந்தார். ஒரு தட்டைக் காட்டி, பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தார். கடலைப்பருப்பு அளவில் பிளந்து வைத்த இதயம். நடுச்சுவரில் ஊசி குத்தினாற்போல் துளை. காட்டெலிக்கும் பிறக்கும்போதே இப்படி அமைவதுண்டு, இதில் யார் தப்பும் இல்லை என்றார்.

கண்ணாடியை நாத்தனாரிடம் நீட்டினேன். "பாருங்க மதினி. இதோட ஆத்தா எந்தக் கிரகணத்துல பூண்டு அறுத்தா?"

அவள் நிதானமாகப் பார்த்தாள். "எலி ராத்திரில மேயுறதுதான? கிரகணத்தைப் பாத்திருக்கும்."

டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். பிள்ளை பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான் நெஞ்சு நிறைய மூச்சு விட்டேன்.

மறு தையில் போனபோது குழலில் அந்தச் சத்தம் இல்லை. ஏரிக்கரையில் செல்வியைப் பிடிக்க நாங்கள் ஓட வேண்டியிருந்தது. பழனிக்குத் தான் நேர்ந்துகொண்டதால்தான் என்றாள் நாத்தனார். இருக்கட்டும், முருகனோடு எனக்கென்ன சண்டை.

இப்போது பஸ் போகிறது. நாற்பது கிலோமீட்டர் சொச்சம், வளைவு அதிகம். காலை பஸ்ஸிலேயே போய்விடுங்கள், மத்தியானத்துக்கு மேல் மூடுபனி இறங்கும். பிள்ளைக்குக் கம்பளி வேண்டும். மனதை அரிக்கிற கேள்வி எதுவானாலும் டாக்டரிடம் கூசாமல் கேட்டுவிடுங்கள்.

நாத்தனாரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் எங்கள் கிழங்கு அறையில் அதற்குப் பிறகு எலிப்பொறி வைத்ததில்லை.