இருட்டில் பார்த்த பால்பவுடர்

போன மாதம் பாகூர் கடையின் பரணை ஒழித்தபோது துருவேறிய பால்பவுடர் டப்பா ஒன்று கிடைத்தது. அண்ணன் அதைக் கையில் வாங்கினார். மூடியைத் திறக்கவில்லை. உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று ஆட்டிப் பார்க்கவும் இல்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடித்தகட்டையே வெகுநேரம் பார்த்தார். அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த டப்பா வீட்டுக்கு வந்த வருஷம் மட்டும் எங்கள் மூன்று பேருக்குமே இதில் சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை.

எங்கள் மளிகைக் கடையில் அண்ணன் சோதிக்காமல் ஒரு மூட்டை உள்ளே போகாது. மிளகைத் தண்ணீரில் கொட்டிப் பப்பாளி விதையைப் பொறுக்கி எடுப்பார். பெருங்காயத்தை நாக்கு நுனியில் வைத்தே அதில் எவ்வளவு மாவு என்று சொல்லிவிடுவார். டப்பாச் சரக்கு எதுவானாலும் கவிழ்த்து அடியில் தேதி பார்ப்பார். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு பாயசத்து ஜவ்வரிசியைப் பற்றித் தீர்ப்புச் சொல்வார். பக்கத்தில் இருக்கும் எனக்கு மானம் போகும். தன் மூக்குக்கும் நாக்குக்கும் தப்பிய கலப்படம் இன்னும் பிறக்கவில்லை என்பது அவருடைய அசைக்க முடியாத எண்ணம்.

அந்த வருஷம் அண்ணிக்குத் தலைப்பிள்ளை பிறந்தான். பிரசவம் ஆன கையோடு டைஃபாய்டு வந்து படுத்ததில் தாய்ப்பால் வற்றிப்போயிற்று. பிள்ளைக்குப் பசும்பால் தங்கவில்லை. கடையில் நாங்களே விற்ற பால்பவுடரும் தங்கவில்லை. குடித்த அரைமணியில் கக்கிவிடுவான். பிரான்சில் வேலை பார்த்த அண்ணியின் தம்பி யார் கையிலோ இரண்டு டப்பா கொடுத்தனுப்பினார். அந்தப் பவுடர்தான் அவன் வயிற்றில் நின்றது. கன்னத்தில் சதை வைக்க ஆரம்பித்தான். அது தீரப்போகும் நேரத்தில் இன்னும் ஆறு டப்பா வந்து இறங்கியது. வீடே கொண்டாடியது.

மூன்றாம் நாள் பேப்பரில் அந்தச் செய்தி. ரஷ்யாவில் ஏப்ரல் கடைசியில் அணு உலை வெடித்ததும், அந்தத் தூசி காற்றோடு ஐரோப்பா முழுக்கப் பரவியதும் எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். எங்கேயோ நடந்தது என்று படித்துவிட்டு மடித்து வைத்திருந்தோம். தூசி புல்லில் விழுந்து, புல்லை மாடு தின்று, அந்த மாட்டுப் பாலில் செய்த பவுடரிலும் கதிர்வீச்சு இருக்கலாம் என்று இப்போது போட்டிருந்தார்கள். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. ஆறு டப்பாவையும் குடோன் மூலைக்குக் கொண்டுபோய்க் கோணி போட்டு மூடினார். பழைய டப்பாவில் மூன்று நாளைக்குத்தான் பவுடர் இருந்தது.

புதுப் பவுடரை முகர்ந்து பார்த்தார். பால் வாசனைதான். நாக்கில் வைக்கப் போனவரை அண்ணி கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். வாசனையும் ருசியும் இல்லாத ஒரு கலப்படம்! அண்ணன் கடையில் உட்காரவே இல்லை. ஆட்டுப்பால் வாங்கி வந்தார், அதையும் பிள்ளை கக்கினான். அந்த அழுகையைக் கேட்டபடி நாங்கள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

கடைசி நாளன்று அண்ணனுக்கு ஒரு யோசனை தோன்றியது. அண்ணியின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர், எங்கள் பக்கத்தில் சொல்தா என்பார்கள். அவர் தம் பழைய ரேடியம் கைக்கடிகாரத்தைக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் போட்டிருந்தார். இருட்டில் பச்சையாக மணி தெரியும். குளிக்கும்போது மட்டும்தான் அண்ணன் அதைக் கழற்றுவார். ரேடியம் கதிர்வீச்சு உள்ளது, அது இருட்டில் மின்னுகிறது. ஆகவே பவுடரில் கதிர்வீச்சு இருந்தால் அதுவும் மின்ன வேண்டும். இதுதான் அவர் போட்ட கணக்கு. எனக்கும் சரியாகவே பட்டது. நான் பி.ஏ. வரலாறு.

நடுப்பகலில் குடோன் கதவைச் சாத்தி, சன்னலில் சாக்கை அடைத்து, மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே மூன்று பேரும் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றோம். அண்ணன் இரண்டு முறை தும்மினார். டப்பா இருந்த இடம் கன்னங்கரேல் என்றுதான் இருந்தது. "இல்ல, ஒண்ணும் மின்னல" என்று அவர் பெருமூச்சு விட்டபோது அண்ணியின் குரல் வந்தது.

"மின்னுதுங்க. உங்க கையில."

பன்னிரண்டு பச்சைப் புள்ளிகள். அந்தக் கையில்தான் அவர் தினமும் பிள்ளையைப் போட்டுத் தூங்கவைப்பார். கடிகாரத்தைப் பிடுங்காத குறையாகக் கழற்றி எறிந்துவிட்டு, கதவைத் திறந்து அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார். அத்தனை சரக்கையும் சோதித்த மனிதர், என் பிள்ளைக்கு நானே விஷம் கட்டிக்கினு இருந்தேனே என்று வாய்விட்டு அழுதார். அண்ணன் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அழுதுகொண்டே டப்பாவை மூடினார். மூடிய கை, வருஷக்கணக்கான பழக்கத்தில், அதைக் கவிழ்த்து அடியைப் பார்த்தது. மூன்று நாளாகப் பயத்தில் ஒருவரும் செய்யாத காரியம்.

"இது இன்னா எழுத்து, பாரு."

அண்ணி புதுச்சேரியில் அஞ்சாவது வரை பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். "பெவ்ரியே" என்றார். "பிப்ரவரிங்க. இது பிப்ரவரியில அடைச்சது."

"இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னார். மூன்றாவது வாட்டியும் சொல்ல வைத்தார். உலை வெடிப்பதற்கு இரண்டு மாதம் முந்தைய பால்! நான் ஓடிப்போய் மற்ற ஐந்தையும் புரட்டினேன். ஆறில் நான்கு பிப்ரவரி, இரண்டு மே. சாயங்காலம் பிள்ளை வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தூங்கினான். அந்த நான்கு டப்பா தீர்வதற்குள் குழைந்த சோற்றுக்கு வந்துவிட்டான்.

மே டப்பாக்களில் ஒன்றும் இல்லாமலே இருந்திருக்கலாம். ஃபாரின் பவுடர் என்று விலைக்குக் கேட்டவர்கள் உண்டு. அண்ணன் தரவில்லை. மணப்பட்டுக் கடலில் போட்டுவிடலாமே என்றேன். "மணப்பட்டு மீனத்தான நாம துன்றோம்?" என்று கேட்டுவிட்டு, குடோனுக்குப் பின்னால் இடுப்பளவு குழி தோண்டிப் புதைத்தார். ஒளியைப் பார்த்துப் பாலைச் சோதிக்க முடியாது, அதற்கு மெஷின் வேண்டும் என்று பிற்பாடு ஒரு கல்லூரிப் பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் குடும்பத்தை அவர் என்ன நினைத்தாரோ தெரியாது. காலியான முதல் பிப்ரவரி டப்பாவுக்குள் கடிகாரம் போயிற்று. டப்பா பரணுக்குப் போயிற்று.

பரண் ஒழிக்க உதவியாக அரியாங்குப்பத்திலிருந்து பைக்கில் வந்திருந்தான் அந்தப் பிள்ளை. இப்போது நாற்பதை நெருங்கும் தடியன். டப்பாவை வாங்கித் திறந்து, குடோன் இருட்டில் பிடித்துப் பார்த்தான். கடிகாரம் மின்னவில்லை. "மின்னுற பூச்சுதான் செத்துச்சுப்பா, ரேடியம் அப்பிடியேதான் இருக்கும்" என்று மறுபடி இறுக மூடி நீட்டினான். அண்ணன் அதை மீண்டும் கவிழ்த்தார். கட்டைவிரலால் தேய்த்தார்.

"இது இன்னா மாசம், சொல்லு."

அங்கே ஓர் எழுத்துகூட மிச்சமில்லை, எல்லாம் துரு. அண்ணி டப்பாவைப் பார்க்கக்கூட இல்லை. மகனைப் பார்த்துக்கொண்டே, "பெவ்ரியே" என்றார்.