அம்மா பேரில் ஒரு பதில்

தம்பியின் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கல்லாவில் அவன் போன் ‘டிங்’ என்றது. யாரோ ஒற்றை நட்சத்திரம் போட்டு, ‘குழம்பில் உப்பு அதிகம்’ என்று எழுதியிருந்தார்கள். என் இலையிலும் கரிக்கத்தான் செய்தது.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், இதே மெஸ்ஸை அம்மா நடத்தியபோது, இந்தப் புகார் செங்கம் ரோடு வரைக்கும் கேட்கும். அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பேன். “யம்மா, கொழம்புல உப்பு ஜாஸ்தி!” என்று யாராவது கத்துவார்கள். அம்மா விறகுப் புகையும் பூண்டு வாசனையுமாக வெளியே வந்து, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பாள்.

“வெத்தல போட்ட வாயோட வந்து குந்திகினு, எங்கொழம்ப கொற சொல்றியா?”

உண்மையிலேயே கரித்தால் மட்டும் சண்டை கிடையாது. “எழுந்துராதப்பா, வேற ஊத்தறேன்” என்று உள்ளே ஓடுவாள். மறுநாள் அதே ஆள் முதல் பந்தியில் இருப்பார்.

இன்றைக்கு எதிர் மேசையில் ஒருவர் குழம்புச் சோற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டு போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

“அவருதான்டா. போய் வேற ஊத்து” என்றேன்.

“எதுக்குக்கா? கம்ப்யூட்டரே பதில் போட்டுடும்.”

போட்டுவிட்டது. அம்மாவின் சிரித்த படம். பக்கத்தில், ‘மன்னிச்சுக்கோ கண்ணு. அடுத்த முறை பார்த்துச் சமைக்கிறேன். அன்புடன், அம்மா.’

அம்மா வேங்கிக்கால் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். ஆன்லைன் ஆர்டர் ஆரம்பித்த நாளிலிருந்து, “இந்த வேகம் உனக்கு ஒத்து வராதும்மா” என்று தம்பி அவளை அடுப்படிப் பக்கமே விடுவதில்லை.

மன்னிப்புக் கேட்க மட்டும் அவள் வேண்டும்.